எட்டு போர்ட் இருந்தால் எட்டு கேமரா ஓடுமா?

கேள்வி: தோப்புக்குள் வீடு, பக்கத்திலேயே தேங்காய்க் குடோன். எட்டு ஐபி கேமரா போடப் போகிறோம். ஆறு சாதாரண புல்லட் கேமரா, குடோன் வாசலுக்கு இரவிலும் கலரில் காட்டுகிற கேமரா ஒன்று, களத்துக்குச் சுற்றித் திரும்பும் பிடிஇசட் ஒன்று. எட்டு போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச் (கேமராவின் நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டும் கொடுக்கும் பெட்டி) ஒரு கடையில் 3,200 ரூபாய், இன்னொரு கடையில் 6,800 ரூபாய். இரண்டிலும் 'போர்ட்டுக்கு 30 வாட்' என்றுதான் போட்டிருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதான் சார், அது கம்பெனி பேருக்குக் கொடுக்குற காசு" என்கிறார் முதல் கடைக்காரர். எதை வாங்கலாம்? இரண்டு பெட்டியையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பது போர்ட் கணக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் 'டோட்டல் பி.ஓ.இ. பட்ஜெட்' என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்துத் தரக்கூடிய மொத்த வாட் அது. முதல் பெட்டியில் 60 வாட், இரண்டாவதில் 120 வாட். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த வரியில்தான் இருக்கிறது. 'போர்ட்டுக்கு 30 வாட்' என்றால் ஏதாவது ஒரு போர்ட் அதிகபட்சம் அவ்வளவு தரும் என்று அர்த்தம். எட்டிலும் ஒரே நேரத்தில் 30 வாட் தர 240 வாட் வேண்டும். அது உங்கள் இரண்டு பெட்டியிலும் இல்லை.

உங்கள் கேமராக்களுக்குக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு கேமராவின் ஸ்டிக்கரிலும் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். நீங்கள் குறித்து அனுப்பியபடி புல்லட் ஒன்றுக்கு 7, ஆறுக்கு 42. கலர் கேமராவுக்கு வெள்ளை விளக்கோடு சேர்த்து 10. பிடிஇசட்டுக்கு 24. மொத்தம் 76. கேபிளில் கொஞ்சம் கரன்ட் சூடாகவே போய்விடும், நாளைக்கு ஒன்றைப் பெரிய கேமராவாக மாற்றவும் தோன்றும். அதற்காகக் கால் பங்கு கூட்டினால் 95. ஆக, 60 வாட் பெட்டி உங்களுக்கு ஆகாது, 120 சரியாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 60 வாட் பெட்டியை மாட்டினாலும் பகலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். மாட்டியவர் எட்டுப் படத்தையும் திரையில் காட்டிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் ஆறரை மணிக்கு இருட்டியதும் எல்லா கேமராவும் கிட்டத்தட்ட ஒன்றாக ராத்திரி விளக்கைப் போடும்: கலர் கேமரா வெள்ளை விளக்கை, மற்றவை கண்ணுக்குத் தெரியாத ஐஆர் விளக்கை. அப்போதுதான் ஸ்டிக்கரில் இருக்கும் முழு வாட்டையும் இழுக்கும். தாங்காத ஸ்விட்ச், பல மாடல்களில் கடைசி போர்ட்டிலிருந்து வெட்ட ஆரம்பிக்கும். எட்டாம் நம்பர் கேமரா அணையும், திரும்ப உயிர் வரும், மறுபடி அணையும். காலையில் ஆள் வந்து பார்த்தால் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். "கேமராவில்தான் கோளாறு" என்று நல்ல கேமராவைக் கழற்றிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். எந்த ஸ்விட்ச் வாங்கினாலும் முக்கியமான கேமராவை முதல் போர்ட்டில் செருகிவையுங்கள்.

அப்புறம், பெட்டியில் 802.3ஏஎஃப், 802.3ஏடி என்று பி.ஓ.இ. ஸ்டாண்டர்டின் பெயர் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2003இல் வந்த ஏஎஃப் போர்ட்டில் 15.4 வாட் தரும், கேமராவுக்குப் போய்ச் சேருவது 12.95 என்று கணக்கு. 2009இல் வந்த ஏடியில் அது 30, சேருவது 25.5. உங்கள் பிடிஇசட்டுக்கு ஏடி கட்டாயம் வேண்டும். மற்ற ஏழுக்கும் ஏஎஃப் போதும். 2018இல் வந்த 802.3பிடி என்பது 60, 90 வாட் வரை போகும். உங்களுக்குத் தேவையில்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இந்த எண்கள் எதுவுமே இல்லாமல் '48 வோல்ட் பி.ஓ.இ.' என்று மட்டும் போட்ட பெட்டிகளும் கடையில் கிடைக்கும். ஸ்டாண்டர்ட் ஸ்விட்ச், எதிரே இருப்பது கரன்ட் வாங்கும் கருவிதானா என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரன்ட் விடும். இந்தப் பெயரில்லாத ஜாதி கேட்காமலேயே தள்ளும். ஒருமுறை மலிவாக இருக்கிறதே என்று இப்படி ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த பழைய ரவுட்டரை அதில் செருகினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்துவிட்டது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ் வேகம்) என்று விற்பார்கள். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று சுமார் 4 முதல் 6 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். எட்டும் சேர்ந்தாலும் 50க்குள் அடங்கும். கேமரா போர்ட் 100 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆருக்குப் போகிற அப்லிங்க் போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருக்கட்டும். அந்த அப்லிங்க் எட்டுக்கு மேல் தனியாக இருக்க வேண்டும், அதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். எட்டு போர்ட் என்று சொல்லி அதில் நாலுக்கு மட்டும் பி.ஓ.இ. கொடுக்கிற மாடல்களும் உண்டு.

கேள்வி: அதே வீடு. கேட் 140 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்விட்சில் 'எக்ஸ்டெண்ட்' பட்டனைத் தட்டினால் 250 மீட்டர் போகும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஈதர்நெட் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். எக்ஸ்டெண்ட் என்பது ஸ்டாண்டர்டில் இல்லாத, கம்பெனிகள் தாங்களாகச் சேர்த்த வசதி. வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுகிறது. கேட்டில் ஒரே ஒரு 7 வாட் புல்லட் என்றால் ஓடிவிடும். பிடிஇசட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள். சில மாடல்களில் அந்தப் பட்டன் நாலைந்து போர்ட்டுக்குச் சேர்த்து வேலை செய்யும். எந்தெந்தப் போர்ட் என்று பார்த்துச் செருகுங்கள்.

ஆனால் இதெல்லாம் முழுச் செம்புக் கேபிளுக்குத்தான். கடையில் 'சிசிஏ' என்று ஒன்று தருவார்கள்: அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். கரன்ட்டுக்கு அதில் தடை அதிகம், தூரம் போகப்போக வோல்டேஜ் விழும். ஒரு கம்பியை உரித்து, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் செந்நிறம்தான். முலாம் என்றால் இரண்டு சுரண்டலில் வெள்ளையாகப் பல்லிளிக்கும். 305 மீட்டர் பெட்டி இரண்டையும் தூக்கிப் பார்த்தாலே சிசிஏ லேசாக இருப்பது தெரிந்துவிடும்.

தோப்பு என்பதால் இன்னொன்று. மழைக்காலத்தில் பக்கத்தில் இடி விழுந்தால், 140 மீட்டர் செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை நேராக ஸ்விட்சுக்குக் கொண்டுவரும். நானாக இருந்தால் கேட் வரைக்கும் ஃபைபர் இழுத்து, இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைப்பேன். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கேட் பக்கம் தனியாகக் கரன்ட் வேண்டும், அது ஒன்றுதான் தொந்தரவு. கேட் விளக்குக்கு ஏற்கெனவே லைன் போயிருந்தால் அதுவும் இல்லை.

கேள்வி: என்விஆரிலேயே எட்டு பி.ஓ.இ. போர்ட் இருக்கிறது. தனி ஸ்விட்ச் எதற்கு?

பதில்: வீடு சின்னதாக இருந்து எல்லாக் கேபிளும் ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்றால் வேண்டாம். அதற்கும் மொத்த வாட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் நாலு கேமரா, கீழே நாலு என்றால் மாடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து ஒரே கேபிளைக் கீழே இறக்கலாம். சுவரில் நாலு ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஒன்று போதும். கரன்ட் போனாலும் கேமரா ஓட வேண்டும் என்றால் அந்த மாடி ஸ்விட்சையும் யுபிஎஸ் லைனில் மாட்டுங்கள். என்விஆருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுகிறார்கள்.