பறக்க ஆகும் செலவு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இயந்திரம் இல்லாத கிளைடர் விமானத்தில் பறப்பது பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். எனக்கு 46 வயது. ஊர் யாழ்ப்பாணத்தில் தென்மராட்சி. இங்கே லண்டன் ஹரோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. மனைவி, 12 வயதில் மகள், 8 வயதில் மகன், அம்மா என்று ஐந்து பேர். சிறுவயதில், போர்க்காலத்தில், குண்டு போடும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கிய பிறகுதான் நான் இறங்குவேன். அந்த விமானம் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு மேலே ஹெலி போனால் அம்மா இப்போதும் நடு அறைக்குள் போய்விடுவார்.

எனக்கு விமானம் ஓட்டப் பழக வேண்டும், தொழிலுக்காக அல்ல. மாதம் 150 பவுண்ட் ஒதுக்கலாம். ஒரு பயிற்சிப் பள்ளியில், 20 மணி நேரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டினால் விலையில் கழிவு தருவதாகச் சொன்னார்கள். கடன் எடுத்துக் கட்டலாமா? மனைவி வேண்டாம் என்கிறார். என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஆசையே பொருந்தாததா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஹரோ வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி சொல்வது சரி. கடன் எடுக்காதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். இரண்டையும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் 20 மணி நேரத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். ஏழு மணி நேரம் பறந்திருந்தபோது பள்ளியை மூடிவிட்டார்கள். மீதிப் பணம் வரவில்லை, கடன் மட்டும் இரண்டு வருடம் நின்றது. எந்தப் பள்ளியானாலும் பறந்த அன்றே அந்த மணி நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். கழிவு போனால் போகட்டும்.

இப்போது உங்கள் 150 பவுண்டைப் பார்ப்போம். இயந்திரம் பூட்டிய சிறு விமானத்தில், ஆசிரியரோடு ஒரு மணி நேரத்துக்கு இருநூறு பவுண்டும் அதற்கு மேலும் ஆகிறது. அப்படியென்றால் உங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு பாடம். தனியார் விமானி உரிமத்துக்கு இந்நாட்டில் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 45 மணியோடு முடிப்பவர்கள் குறைவு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை போனால் ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்கும். கைப்பழக்கம் அவ்வளவு நாள் பொறுத்திருப்பதும் இல்லை. விமானத்தை இறக்கும்போது எந்த உயரத்தில் மூக்கைத் தூக்கத் தொடங்குவது என்பதைக் கண்தான் கற்கிறது, ஆறு வாரத்தில் கண் அதை மறந்துவிடும். என் ஏழு மணி நேரத்தில் மூன்று மணியாவது முன்பு கற்றதையே திரும்பக் கற்றதில் போயிற்று. அந்த வழிதான் வேண்டுமென்றால், சில வருடங்கள் சேமித்துவிட்டு வாரம் இரண்டு முறையாவது தொடர்ந்து பறந்து முடியுங்கள். மைக்ரோலைட் என்ற மிக இலகுவான விமானத்துக்கு 25 மணி நேரம் போதும், செலவும் குறையும். ஆனால் சேமித்துவிட்டுத் தொடங்குவது அதற்கும் பொருந்தும்.

உங்களுக்கு நான் சொல்வது கிளைடர்தான். மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மானியர்களின் இயந்திர விமானங்களுக்குக் கடும் தடை விதித்தது. மாணவர்களும் தச்சு வேலை தெரிந்தவர்களும் வாசர்குப்பே என்ற மலையில் கூடினார்கள். மரச் சட்டத்தில் துணி போர்த்திச் சிறகு செய்தார்கள். ரப்பர் கயிற்றை நண்பர்கள் சேர்ந்து இழுத்து ஆளை உச்சியிலிருந்து காற்றில் ஏவினார்கள். 1920இல் அங்கே முதல் போட்டி நடந்தது. ஒருவர் பறக்க எட்டுப் பேர் உடல் வருந்திய அந்த ஏற்பாடு நூறு வருடம் கழித்து இங்கும் அப்படியே இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே டன்ஸ்டபிள் குன்றின் அடியில், 1930இல் தொடங்கிய ஒரு கிளப் இயங்குகிறது. நாடு முழுக்க இப்படிப் பல கிளப்புகள் உண்டு.

பெரும்பாலான கிளப்புகளில் ஆசிரியர்கள் சம்பளம் வாங்குவதில்லை. வருடச் சந்தா சில நூறு பவுண்ட். அதன் பிறகு, கிளைடரை இழுத்து மேலே ஏற்றிவிடும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு சிறு தொகை, காற்றில் இருக்கும் நிமிடங்களுக்கு இன்னொரு சிறு தொகை. என் கிளப்பில் ஒரு நாளுக்கு முப்பது நாற்பது பவுண்டுக்குள் முடிந்துவிடும். மாதம் இரண்டு நாள் போனாலும், சந்தாவையும் சேர்த்து, உங்கள் 150 பவுண்டுக்குள் அடங்கும்.

காசு குறைகிற இடத்தில் உங்கள் நாள் போகும். காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையைத் திறந்து கிளைடர்களை வெளியே தள்ள நீங்கள் இருக்க வேண்டும். மாலையில் அவற்றைக் கழுவி உள்ளே வைக்கவும் இருக்க வேண்டும். நடுவில் பிறருக்காக இறக்கையைப் பிடித்து ஓடுவது, இறங்கிய கிளைடரை வண்டி கட்டி இழுத்து வருவது, நேரங்களைப் பதிவேட்டில் எழுதுவது. அத்தனைக்கும் அன்று உங்களுக்குக் கிடைப்பது மூன்று ஏற்றம். மேலெழும் வெப்பக் காற்று கிடைக்காத நாளில் ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம்தான். காத்திருக்கும் அந்த நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். இறங்கி வரும் ஐம்பது கிளைடர்களைத் தரையிலிருந்து பார்த்தவனுக்கு, தான் இறங்கும்போது என்ன தவறு நடக்கிறது என்று சொல்லாமலே தெரியும். பங்கருக்கு வெளியே நின்று பார்த்த பையனுக்கு இது கைவராமல் போகாது.

ஏற்றம் எப்படி என்று சொல்கிறேன். மைதானத்தின் மறு கோடியில் வின்ச் என்ற பெரிய உருளை நிற்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றை அது சுருட்டி இழுக்கும். சில விநாடிகளில் சக்கரம் தரையை விட்டு விடும், முதுகு இருக்கையில் அழுந்தும், முன்னால் ஆகாயம் தவிர வேறொன்றும் தெரியாது. ஆயிரம் அடிக்கு மேலே மஞ்சள் நிறப் பிடியை இழுத்துக் கயிற்றை விடுவீர்கள். அதன் பிறகு காற்றின் ஓசை மட்டும்தான். கண்ணுக்கு நேரே, கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில், ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். நூல் நேராக ஓடினால் நீங்கள் சரியாகப் பறக்கிறீர்கள். பக்கம் சாய்ந்தால் கால் மிதியில் திருத்த வேண்டும். சில காசு பெறும் அந்த நூலைப் போல நேர்மையான கருவியை நான் வேறெந்த விமானத்திலும் பார்த்ததில்லை.

கயிறு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதைப் பலமுறை செய்து பழகாமல் உங்களைத் தனியே விடமாட்டார்கள். முதல் வேலை மூக்கைக் கீழே தள்ளுவது, மற்றதெல்லாம் பிறகு. ஐம்பது அறுபது ஏற்றத்துக்குப் பிறகுதான் பலர் தனியே பறக்கிறார்கள். நம் வயதில் இன்னும் கூடும், எனக்கு 81 ஏற்றம் ஆயிற்று. இந்நாட்டில் 14 வயதிலேயே கிளைடரைத் தனியே ஓட்டலாம் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

வார இறுதியில் வேலை இருக்குமானால், கோடையில் வார நாட்களிலும் இயங்கும் கிளப்பாகப் பார்த்துச் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று மனைவியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இரவு எட்டு மணிக்குப் போய் நிற்பதால்தான் பலர் முதல் வருடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

பொருந்தாத ஆசையா என்று கேட்டீர்கள். 1980களில் குண்டு போட நம் தலைக்கு மேலே வந்த, இலங்கை விமானப் படையின் ‘சியாமாசெட்டி’ ஞாபகம் இருக்கிறதா? அது இத்தாலியில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்யப்பட்ட சிறு விமானம். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பழகுவதற்கானது. ஐரோப்பாவில் அதைச் சொந்தமாக வைத்து, விடுமுறை நாளில் பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு சிறு விமான நிலையத்தில், புல்லின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக அது நிற்பதைக் கண்டேன். அருகில் போய் இறக்கையில் கை வைத்தேன். பிறகு நெடுநேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். அந்த இருக்கையில் அமர்ந்து பழகும் உரிமை நமக்கும் இருந்தது, தம்பி. நமக்கு அது வேறு விதமாக வந்து சேர்ந்தது.

அம்மாவை ஒரு நாள் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள், கட்டாயப்படுத்தாமல். கிளைடர் இறங்கும்போது தலைக்கு மேலே ஒரு சீழ்க்கை போலத்தான் கேட்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் நாளுக்குத் தடித்த சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், ஏப்ரலிலும் புல் ஈரமாக இருக்கும். தொப்பி வேண்டும், ஆனால் முன்னால் நீளமாகத் துருத்தும் தொப்பி ஆகாது, மேலே வரும் விமானத்தை மறைத்துவிடும். மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூடவே கட்டிக்கொண்டு போங்கள், கேட்க ஆள் வரும்.

அன்புடன்.