பழைய மில்லை மாற்றிக் கட்டினால் அந்த ஏரியா உருப்படுமா?

லண்டனில் மூடிய மின் நிலையத்தை டேட் மாடர்ன் அருங்காட்சியகம் ஆக்கியதுபோல நம் ஊர் மில்களை மாற்றினால் சுற்றுவட்டாரம் முன்னேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடக்கலை படிப்பவர் போலிருக்கிறது. முன்னேறும். ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்கள் உள்ளே போய்வர முடிய வேண்டும்.

நான் சென்னையில் பட்டாளம் என்ற பகுதியில் வளர்ந்தவன். அப்பா பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டினார். பின்னி மில் என்றால்தான் வெளியாட்களுக்குத் தெரியும். 1876-இல் ஆரம்பித்த பக்கிங்ஹாம் மில்லும் பின்னால் வந்த கர்னாடிக் மில்லும் 1920-இல் ஒன்றாயின. 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில்காரர்களை வைத்துத்தான் எழுந்தது. அதில் எனக்கு இன்றும் பெருமை.

ஷிப்டு முடிந்து வரும்போது அப்பாவின் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்தில் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். மெஸ், மளிகைக் கடை, சைக்கிள் கடை எல்லாம் மில் சம்பளத்தை நம்பி ஓடின. 1996-இல் மில் மூடியதும் தெருவே படுத்துவிட்டது.

அப்புறம் அங்கே சினிமா செட் போட்டார்கள், இப்போது அடுக்குமாடி. அடுக்குமாடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடு வாங்கியவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அப்பா வேலைக்குப் போன இடத்துக்குள் நான் போக வேண்டுமென்றால் எந்த ஃப்ளாட் என்று சொல்லியாக வேண்டும். 2000-இல் திறந்த டேட் மாடர்னில் அந்தப் பெரிய டர்பைன் கூடத்துக்குள் யாரும் டிக்கெட் இல்லாமல் நுழையலாம். எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

எல்லோரும் உள்ளே போய்வரலாம் என்பதை, கட்டுவதற்கு முன்பே சட்டத்தில் எழுதி வாங்க வேண்டும். மும்பையில் 1991-இல் எழுதினார்கள்: மில் நிலத்தை மாற்றினால் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுத் தேவைக்கு, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, மீதி முதலாளிக்கு. 2001-இல் அதைத் திருத்தி, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் பங்கு என்றார்கள். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே? பொதுப் பங்கு சுருங்கிப்போனது.