குலுக்கல், மலையாளப் படிவம், முறுக்கான்: வாய், தாடை அறுவை ஆய்வுகள் பற்றிக் கேள்வி பதில்

நான் வாய், முகம், தாடை அறுவை மருத்துவர். படித்ததும் முதல் பத்து வருடம் வேலை பார்த்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் வருகிறவர்கள் சிகிச்சையைப் பற்றிக் கேட்பதற்கு இணையாக ஆய்வுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

களியக்காவிளையிலிருந்து ஒரு தங்கை: அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கன்னத்தின் உள்பக்கம் புற்று, ஆரம்ப நிலை என்கிறார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகளை எல்லாம் எடுப்பதா, ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்தால் போதுமா என்று ஆய்வு நடக்கிறதாம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லுமாம். அப்பாவை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களா டாக்டர்? படிவம் முழுக்க மலையாளம். அப்பாவுக்குப் பேச வரும், படிக்க வராது.

மக்களே, முதலில் கழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். வாய்ப்புற்று பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது கழுத்து நெறிக்கட்டிகளுக்குத்தான். அது கையில் தட்டுப்படாமலே உள்ளே இருக்கலாம். நெறிக்கட்டிகளை முன்கூட்டியே எடுத்துவிடுவதா, தெரிந்த பிறகு எடுப்பதா என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை இரண்டு வழியையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டது. மூன்று வருட முடிவில், முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வித்தியாசம். அந்த ஆய்வில் குலுக்கலுக்குச் சம்மதித்தவர்களும் உங்கள் அப்பாவைப் போல நம் நாட்டு நோயாளிகள்தான்.

அதனால் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கழுத்தைத் தொடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பிரிவு அந்த ஆய்வில் இருந்தால் சேர வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. புற்றைச் சுற்றி ஒரு மருந்தை ஊசியில் போட்டு, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குச் சென்டினல் நோட் சோதனை என்று பெயர். அதில் புற்று இருந்தால் மீதியையும் எடுப்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். பிரான்சிலும் ஜப்பானிலும் இதைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், உயிர்பிழைப்பில் அது பின்தங்கவில்லை. கழுத்து முழுவதையும் எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு நலிந்து கை தூக்க முடியாமல் போகலாம். தினமும் கத்தி பிடித்து மரம் வெட்டும் ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வழியும் நியாயமானவை, எது மேல் என்பதில்தான் சந்தேகம் என்றால் குலுக்கல் சரியானது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால் திடமானவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் மறு பக்கமும் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் வரும் முடிவு சிகிச்சையைப் பற்றியதாக இருக்காது, ஆளைப் பற்றியதாகிவிடும்.

இனி படிவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில், செறுவாரக்கோணம் பக்கத்துப் பாட்டி ஒருவர் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாத படிவத்தில் கைநாட்டு வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. தனக்குப் புரியும் மொழியில் தகவல் பெறுவது அப்பாவின் உரிமை. ஆய்வுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். தமிழும் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் உடனிருந்து, எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க நேரம் கேளுங்கள். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு.

பனச்சமூட்டிலிருந்து ஒருவர்: ஆய்வில் சேர்ந்தால் காசு தருவார்களா? ஏதாவது ஆகிவிட்டால்?

ஆசை காட்டிச் சேர்க்கும் அளவுக்குக் காசு தரக் கூடாது. பயணச் செலவு, போன வேலை நாளுக்கான ஈடு தரலாம். புது மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகளின் கீழ் வரும் ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வினால் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. இது படிவத்திலேயே எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அதோடு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயின் எண்ணையும் கேளுங்கள். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் தங்கிப் படிக்கும் எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) மாணவர்: தீசிஸுக்கு, கீழ் ஞானப்பல் அறுவைக்குப் பின் வீக்கத்துக்கும் வாய் திறப்புக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கத்துக்கு ஊசி, மறு பக்கத்துக்கு ஊசி இல்லை. கைடு 15 பேர் போதும் என்கிறார். போதுமா?

தம்பி, போதுமா என்பதைக் கணக்கு சொல்லட்டும். தனித்தனி ஆட்களை இரண்டு குழுவாக வைத்தால் இப்படிப் போட்டுப் பார்: வாய் திறப்பில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் நோயாளிக்கு முக்கியம், திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் அளவு சிதறுவது, 6 மில்லிமீட்டர். 80 சதவீத வலுவுக்கு, அதாவது உண்மையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவ்வளவு இருக்க, குழுவுக்கு ஏறக்குறைய 23 பேர் வேண்டும். பத்தில் ஒருவர் திரும்ப வரமாட்டார் என்று வைத்தால் 26. ஒரே வாயின் இரண்டு பக்கத்தை ஒப்பிடும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துவிடுவதால் எண்ணிக்கை குறையும், 15 பேர் எட்டக்கூடியதுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு இரு பக்க வித்தியாசத்தின் விலக்கம் தெரிய வேண்டும். முதலில் சிறிய அளவில் செய்து அளந்து பார்.

உன் திட்டத்தில் எனக்குக் கவலை வேறு. டெக்ஸாமெத்தசோன் போட்ட இடத்திலேயே நிற்காது, ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகும். அதன் வேலை 36 முதல் 54 மணி நேரம் நீடிக்கும். இரண்டு பக்கப் பல்லையும் ஒரே நாளில் எடுத்தால் ஊசி போடாத பக்கமும் அந்தப் பலனைப் பெற்றுவிடும். மேலும் வாய் திறப்பு இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரே அளவு. எந்தப் பக்கத்தால் குறைந்தது என்று எப்படிப் பிரிப்பாய்? ஆகவே இரண்டு தனி அறுவையாக, நடுவில் மூன்று நான்கு வாரம் விட்டுச் செய். எந்தப் பக்கம் முதலில், எந்த முறை ஊசி என்பதையும் குலுக்கு. ஊசி இல்லாத முறைக்கு உப்புநீர் ஊசி போடு. அளப்பவருக்கு எது எந்த முறை என்று தெரியக் கூடாது. இரு பக்கமும் பல் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் புதைந்திருப்பவர்களை மட்டும் சேர்.

இன்னொன்று. என் தீசிஸில் 30 பேரில் 9 பேர் திரும்ப வரவில்லை. மீதி 21 பேரை வைத்து முடிவு எழுதினேன். வராதவர்கள் நன்றாக இருந்ததால் வரவில்லையா, வலி தாங்காமல் வேறு இடம் போனார்களா என்று நான் தேடவே இல்லை. நீ ஒவ்வொருவருக்கும் போன் செய்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு கடைக்காரர்: முப்பது வருடமாக முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடுகிறேன், புகையிலை சேர்ப்பதில்லை. இப்போது வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. புகையிலை இல்லாமலும் வருமா?

வரும் அண்ணாச்சி. நீங்கள் சொல்வது வாய்த் தசைக்கு மேலே நார் பாயும் நோயாக இருக்கலாம். அதற்கு முக்கியக் காரணம் பாக்கு. பாக்கிலுள்ள அரெக்கோலின் நார் சுரக்கும் செல்களைத் தூண்டுகிறது, அதிலுள்ள செம்பு அந்த நாரை முறுக்கி இறுக்குகிறது. புகையிலை இல்லாத பாக்கும் புற்று வரவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. எறணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரைப் 17 வருட காலத்தில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் அவ்வளவு நீண்ட காலம் விடாமல் போய்ப் பார்த்த அந்தப் பொறுமைக்காக அதை நான் மதிக்கிறேன்.

இந்த நோய்க்கான சிகிச்சை ஆய்வுகளில் எனக்குள்ள பெரிய குறை, பலவும் சில மாதங்களிலேயே அளவெடுத்து முடித்துவிடுவது. நாரை வெட்டி, கன்னக் கொழுப்பை வைத்து மூடினால் உடனே வாய் திறக்கும். பயிற்சியை விட்டால் மறுபடி இறுகும். 'இரண்டு வருடம் கழித்து எவ்வளவு திறக்கிறது' என்று சொல்லும் ஆய்வைத்தான் நான் நம்பி எடுத்துக்கொள்வேன். பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். இறுகியது முழுசாக இளகாது, ஆனால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். இந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் கதிர்வீச்சு கொடுத்து நான்கு வருடம். பல் எடுக்கும் முன் ஆக்சிஜன் அறையில் வைக்கச் சொல்கிறார்கள். செலவு அதிகம்.

கதிர் பட்ட தாடையில் பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் அழுகலாம் என்ற பயத்தில்தான் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைக்கச் சொல்கிறார்கள். இதைச் சோதித்த, பிரிட்டன் தலைமையில் நடந்த ஹோபான் ஆய்வு 2019இல் வந்தது. 144 பேரைக் குலுக்கிப் பிரித்து 100 பேரை ஆராய்ந்ததில், தாடை எலும்பு அழுகியது ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4, பெறாதவர்களில் 5.7 சதவீதம். பலன் தெரியவில்லை. எல்லோருக்கும் தேவை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் எவ்வளவு கதிர், தாடையின் எந்தப் பகுதியில் என்ற பழைய சீட்டோடு, அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் போங்கள்.

பாறசாலை ஆஷா (கிராமச் சுகாதார) பணியாளர்: நாங்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்ப்பதால் உண்மையில் உயிர் பிழைக்குமா?

அக்கா, இந்தக் கேள்விக்கு உலகம் படிக்கும் பதில் உங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்துதான் போனது. 1996இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கி, வாயைப் பார்க்கும் பக்கம், பார்க்காத பக்கம் என்று பிரித்தார்கள். ஒரு வீட்டில் பார்த்து அடுத்த வீட்டை விட முடியாது என்பதால் ஆளைக் குலுக்காமல் ஊரைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு பக்கமும் 35 வயதும் அதற்கு மேலும் ஆன 95 ஆயிரத்துக்கும் அதிகமானோர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவில், பார்த்த பக்கம் 205 புற்று, 77 மரணம். பார்க்காத பக்கம் 158 புற்று, 87 மரணம். பார்த்த பக்கம் புற்று கூடுதலாகத் தெரிவது தேடியதால்தான்.

மொத்தமாகப் பார்த்தால் அந்த மரண வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அது தற்செயல் என்று சொல்ல முடியாத அளவு. ஆகவே நேரம் குறைவாக இருந்தால் அவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள்.

பார்க்கும்போது முறுக்கான் ஒதுக்கி வைக்கும் கன்னப் பையை விரலால் விலக்கிப் பாருங்கள். துணியால் நாக்கைப் பிடித்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியிலும் டார்ச் அடியுங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தால் வலி இல்லை என்று அவர்கள் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். ஆரம்பப் புற்று பெரும்பாலும் வலிக்காது.