அடிக்கிற கணவனிடம் குழுவாகப் போய்ப் பேசலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன உதவிக்குழு நடத்துகிறோம். ஒரு வீட்டில் கணவர் மனைவியை அடிக்கிறார், சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது. மொத்தமாகப் போய் அவரிடம் பேசி, இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் செய்யலாம் என்கிறார்கள் சிலர். சரியா? இல்லையென்றால் வேறு என்ன செய்வது?

பதில்: போகாதீர்கள். அந்தப் பெண்ணைக் கேட்காமல் நிச்சயமாகப் போகாதீர்கள். நீங்கள் நியாயம் பேசிவிட்டு அரைமணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவீர்கள், கதவைச் சாத்திய பிறகு "வெளியில் யாரிடம் என்ன சொன்னாய்" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லப்போவது அவர்தான். சமரசமும் அப்படித்தான். அடித்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அடிவாங்கியவர் எப்படி உண்மையைச் சொல்வார்? கடைசியில் "நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்பதில்தான் வந்து நிற்கும்.

இதைக் கோபப் பிரச்சினை என்று நினைப்பதால்தான் புத்தி சொல்லக் கிளம்புகிறோம். அதே ஆள் மேலதிகாரியிடம் கோபத்தை அழகாக அடக்கிக்கொள்கிறார், கவனித்திருப்பீர்கள். 1980களில் அமெரிக்காவின் டுலூத் நகரில், இப்படிப்பட்ட வாழ்க்கையைக் கடந்துவந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். அடி உதை அதன் விளிம்பில்தான் இருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் மிரட்டல், பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, சொந்தபந்தத்திடமிருந்து பிரிப்பது, பிள்ளைகளை வைத்துப் பயமுறுத்துவது. அத்தனைக்கும் நடுவில் இருப்பது அதிகாரம்.

அதனால் முதலில் ஒருவர் மட்டும் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள், அந்த ஆள் வீட்டில் இல்லாத நேரத்தில், நேரில். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம், போனை யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்" என்று கேட்டால் அவர் வாய் மூடிவிடும். "சத்தம் கேட்டது, உங்களை நினைத்துக் கவலையாக இருக்கிறது, நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும்?" போதும். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னால் சரி என்று விட்டுவிட்டு இன்னொரு நாள் பேசுங்கள், முதல் தடவையிலேயே மனம் திறப்பவர்கள் குறைவு.

சத்தம் கேட்கும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? 2008இல் இந்தியாவில் 'பெல் பஜாவோ' (மணியை அடியுங்கள்) என்றொரு பிரச்சாரம் தொடங்கியது, அதில் பக்கத்து வீட்டுக்காரர் மணியை அடித்து, பால் இருக்கிறதா, போன் பண்ணிக்கொள்ளலாமா என்று ஏதோ ஒன்றைக் கேட்பார், அவ்வளவுதான். அடி அந்த நேரத்துக்கு நிற்கும், வெளியே காது இருக்கிறது என்பதும் புரியும். ஆனால் ஆயுதம் இருக்கிறது, உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மணியும் வேண்டாம், யார் அனுமதிக்கும் காத்திருக்கவும் வேண்டாம், நேராகப் போலீஸ்தான்.

ஒன்றை மட்டும் குழுவில் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கழுத்தை நெரித்தது. அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நாமும் இன்னொரு அடியாக எடுத்துக்கொள்வோம். முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பிற்பாடு அதே ஆளால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் 7 மடங்குக்கும் மேல் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அதேபோல் வீட்டைவிட்டு வெளியேறும் சமயமும் அதை ஒட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. "இன்றைக்கே கிளம்பி வா" என்று உசுப்பிவிடுவது நமக்குத் திருப்தி தரும், அவருக்கு ஆபத்து. எப்போது என்பதை அவரே தீர்மானிக்கட்டும், நீங்கள் தயாரிப்பில் துணை நில்லுங்கள். அடையாளச் சான்றுகளின் நகல், மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச்சாவி எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாத வீட்டில் ஒரு பையில். பிள்ளைகளுக்கு ஒரு ரகசியச் சொல், அதைக் கேட்டால் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று. சண்டை மூளும்போது சமையலறைப் பக்கம் போகாமல் வாசலுக்கு அருகில் நிற்பது. காயங்களின் படம், தேதியோடு, வேறொருவர் போனில்.

குழுவுக்குள் இதெல்லாம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். பெயரும் போகிற இடமும் குரூப்பில் வந்தால் அந்த ஆள் காதுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. சட்ட உதவி, காப்பகம், உதவி எண் ஆகியவற்றை முன்பே விசாரித்து வையுங்கள். இந்தியாவில் என்றால் 181 பெண்கள் உதவி எண். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வன்முறை நடப்பதாக நம்ப காரணமுள்ள யாரும், அந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது.

தடுப்பு வேலை செய்ய ஆசையிருந்தால் பெண்கள் கையில் காசு வருவதிலிருந்து தொடங்கலாம். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் பெண்களுக்குச் சிறுகடனும் கூடவே ஆண்-பெண் உறவு பற்றிய பயிற்சியும் கொடுத்தார்கள், இரண்டு ஆண்டுகளில் துணைவர் வன்முறை 55 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளியானது. கடனோடு அந்தப் பேச்சும் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், அவர் வெளியே வந்துவிட்டுத் திரும்பியும் போகலாம். நிறையப் பேர் போகிறார்கள், பணம், பிள்ளைகள், பயம், பாசம் என்று காரணங்கள் உண்டு. "இவ்வளவு செய்தோமே" என்ற முணுமுணுப்பு குழுவில் வரும், அது அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பை, ரகசியச் சொல், போகிற வீடு எல்லாவற்றையும் அவரோடு உட்கார்ந்து புதிதாக மாற்றுங்கள், பழைய ஏற்பாடு இதற்குள் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கலாம்.