யார் வீட்டு அட்டைக்கு எந்த வீட்டு லவுஞ்ச்? விமானக் கூட்டணிச் சலுகைகள்: கேள்வி பதில்

ஒரு விமான நிறுவனத்தில் அடிக்கடி பறந்து வாங்கிய கோல்டு அட்டைக்கு அதன் கூட்டாளி நிறுவனத்தில் என்ன மரியாதை? இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இதைச் சுற்றித்தான். கம்பெனி ஆட்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் யார் யாரோடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா எல்லாம் ஸ்டார் அலையன்ஸ் (1997). ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக் ஒன்வேர்ல்டு (1999). ஏர் பிரான்ஸ், கேஎல்எம், டெல்டா ஸ்கைடீம் (2000). எமிரேட்ஸ், எதிஹாட், இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை. உங்கள் அட்டைக்குக் கூட்டணிக்குள் ஒரு பொதுப் படி உண்டு. கீழிருந்து மேலாக ஸ்டாரில் சில்வர், கோல்டு; ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரல்டு; ஸ்கைடீமில் எலைட், எலைட் பிளஸ். இனி கேள்விகளுக்கு வருவோம்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: சார், ஏர் இந்தியாவில் எனக்கு கோல்டு இருக்கிறது. அடுத்த மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி டிக்கெட். திரும்பி வரும்போது சாங்கியில் சில்வர்கிரிஸ் லவுஞ்சுக்குள் விடுவார்களா?

விடமாட்டார்கள். சில்வர்கிரிஸ் என்பது பிசினஸ் வகுப்பு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் பிபிஎஸ் கிளப் என்ற அவர்களுடைய உயர்படி உறுப்பினர்களுக்கும். உங்களுக்கு கிரிஸ்ஃபிளையர் (பறந்தால் மைல் சேர்க்கும் அவர்களுடைய திட்டம்) கோல்டு லவுஞ்ச். சாப்பாடு, காபி, உட்கார இடம் எல்லாம் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த எலைட் கோல்டு ஆளும், எகானமியில் போனால் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

கூட்டணிச் சட்டத்தில் எழுதியிருப்பது 'லவுஞ்ச்' என்று மட்டும்தான். எந்த லவுஞ்ச் என்பதை அந்தந்த நிறுவனம் முடிவு செய்துகொள்ளும்.

அவரே மறுபடி: அப்போ எல்லா ஊரிலும் ஸ்டேட்டஸ்காரருக்கு மட்டமான லவுஞ்ச்தானா?

இல்லை. ஃபிராங்ஃபர்ட்டில் கதை தலைகீழ். அங்கே லுஃப்தான்சாவுக்கு பிசினஸ் லவுஞ்ச், செனட்டர் லவுஞ்ச் என்று இரண்டு படி. அட்டை எதுவும் இல்லாமல் பிசினஸ் டிக்கெட் வாங்கியவர் கீழ்ப்படியான பிசினஸ் லவுஞ்சுக்குப் போவார். எகானமி டிக்கெட்டும் ஏர் இந்தியா கோல்டும் வைத்திருக்கிற நீங்கள் செனட்டர் லவுஞ்சுக்குப் போகலாம். டிக்கெட்டுக்கு மூன்று மடங்கு காசு கொடுத்தவர் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது.

தோஹா மறுபடி சாங்கி மாதிரி. பேர்போன அல் முர்ஜான் லவுஞ்ச் பிசினஸ் பயணிகளுக்கு. எகானமியில் வரும் ஒன்வேர்ல்டு சஃபையர், எமரல்டு ஆட்களுக்குத் தனியாகக் கோல்டு, பிளாட்டினம் லவுஞ்சுகள் வைத்து அங்கே அனுப்பிவிடுவார்கள். ஹாங்காங்கில் கேத்தேக்காரர்கள் தாராளம். எமரல்டு அட்டை இருந்தால், எகானமியில் போனாலும் அவர்களுடைய முதல் வகுப்பு லவுஞ்ச் திறந்திருக்கும். கோல்டு அட்டையோடு இணைப்பு விமானத்துக்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.

நியூஜெர்சி: அண்ணா, நான் யுனைடெட்டில் பிரீமியர் கோல்டு. வாரா வாரம் நெவார்க்–சிகாகோ. லவுஞ்சுக்குத் தனியாகக் காசு கட்டு என்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற பையன் ஏர் இந்தியா கோல்டு. அதே விமானம். அவன் உள்ளே போய் உட்கார்ந்து எனக்கு போட்டோ அனுப்புகிறான். இது என்ன நியாயம்?

சம்பந்தி வீட்டாருக்கு முதல் பந்தியில் தலைவாழை இலை, சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பந்தி. அதேதான்.

அமெரிக்க நிறுவனங்களுக்கு லவுஞ்ச் உறுப்பினர் கட்டணம் ஒரு வியாபாரம். உள்நாட்டிலேயே பறக்கிற சொந்த கோல்டுக்காரர்களை எல்லாம் சும்மா விட்டால் அதை யார் வாங்குவார்கள்? ஆகவே, உள்நாட்டுப் பயணம் மட்டும் என்றால் யுனைடெட் தன் சொந்த உறுப்பினர்களுக்கு கோல்டு லவுஞ்ச் சலுகையை விலக்கி வைத்திருக்கிறது. மற்ற ஸ்டார் நிறுவனங்களின் கோல்டுக்காரர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தன் ஆட்களுக்கு இப்படித்தான் செய்கிறது. வேறு நாட்டு ஒன்வேர்ல்டு நிறுவனத்தின் சஃபையர் அட்டையோடு வருபவர் உள்ளே போவார், சொந்தக்காரர் வெளியே நிற்பார். டெல்டாவிடம் இந்தப் பருப்பு வேகாது. ஸ்கைடீமின் எலைட் பிளஸ் லவுஞ்ச் சலுகை சர்வதேசப் பயணத்துக்கு என்று முன்பே வரையறுத்துவிட்டார்கள்.

உடனே கணக்கை ஏர் இந்தியாவுக்கோ ஏர் கனடாவுக்கோ மாற்றிவிடலாம் என்று பாயாதீர்கள். காலை நீட்டி உட்காரும் எகானமி பிளஸ் இருக்கை, இடம் காலியானால் இலவசமாக முன்வகுப்பு என்று யுனைடெட் உங்களுக்குத் தருவது எதுவும் அந்தப் பையனுக்குக் கிடையாது. லவுஞ்சில் அரை மணி நேரம் அவனுக்கு, விமானத்தில் இரண்டரை மணி நேரம் உங்களுக்கு. எனக்கென்னவோ உங்கள் பக்கம்தான் லாபம் என்று படுகிறது.

கோவை: சார், மனைவி, ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். எனக்கு மட்டும் ஸ்டார் கோல்டு. நான்கு பேரும் போகலாமா?

அட்டைக்கு ஒரு விருந்தாளி. அதுதான் சட்டம். மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தை என்றால் பொதுவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏழு வயது என்றால் அது ஒரு ஆள். வாசலில் இருக்கிற பெண் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து, மூன்றாவது ஆளுக்குத் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது "குழந்தைதானே மேடம்" என்று கெஞ்சுவது உங்கள் இஷ்டம். சில இடத்தில் பலிக்கும். அதை நம்பிப் பிள்ளைகளைப் பட்டினியாக அழைத்துப் போகாதீர்கள்.

இந்திய விமான நிலையங்களில் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்த லவுஞ்ச் இல்லை. காசு கொடுத்துப் பொது லவுஞ்சுக்குத்தான் அனுப்புகின்றன. உங்கள் மனைவியின் கிரெடிட் கார்டிலேயே அந்தக் கதவு திறக்கலாம். அதையும் பார்த்து வையுங்கள்.

தஞ்சாவூர், ஒரு அம்மா: தம்பி, மகன் ஜெர்மனியில் இருக்கிறான். கோல்டு கார்டு வைத்திருக்கிறான். என்னையும் அழைத்துப் போகிறான். எனக்கும் கூடுதல் பெட்டி உண்டா? ஊறுகாய், மசாலா எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா, கூடுதல் பெட்டி மகன் பெயரில்தான். உங்கள் டிக்கெட்டுக்கு வராது. ஆனால் அவருக்கு ஒரு பெட்டி அதிகம் கிடைக்கிறதே, ஊறுகாயை அதில் போட்டு விடுங்கள்.

மற்றவர்களுக்காக விவரம்: ஸ்டார் கோல்டுக்கு, எடைக் கணக்கு போடும் நிறுவனத்தில் 20 கிலோ அதிகம், பெட்டிக் கணக்கு போடும் நிறுவனத்தில் ஒரு பெட்டி அதிகம். டிக்கெட்டில் 30 கிலோ என்றால் 50 ஆகும். ஆனால் எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தூக்கிப் போடுகிறவர்களின் முதுகு சம்பந்தப்பட்ட விஷயம். ஒன்வேர்ல்டில் சஃபையருக்கு 15 கிலோ, எமரல்டுக்கு 20 கிலோ, அல்லது ஒரு பெட்டி. ஊருக்குப் போய் வருகிற நம் ஆட்களுக்கு லவுஞ்சை விட இதுதான் உருப்படியான சலுகை என்பது என் அபிப்பிராயம். லவுஞ்ச் இட்லியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை.

திருச்சி – சிங்கப்பூர்: அண்ணே, நம்ம ரூட்டில் நான் போவது ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில்தான். ஸ்டார் கோல்டு வாங்கினால் பயன் உண்டா?

அந்த ரூட்டில் பயன் இல்லை. தாய் நிறுவனம் கூட்டணியில் இருப்பதால் மலிவு விலைப் பிள்ளையும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த எலைட் உறுப்பினர்களுக்கு ஸ்கூட்டில் சில வசதிகள் உண்டு. லுஃப்தான்சா கோல்டையோ ஏர் இந்தியா கோல்டையோ ஸ்கூட் கவுன்டரில் நீட்டினால் எல்லோரையும் போல வரிசையில் நிற்க வேண்டியதுதான். சென்னை வழியாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே போகிறவருக்குக் கதை வேறு.

பெங்களூரு: கத்தார் ஏர்வேஸ் தளத்தில்தான் டிக்கெட் எடுத்தேன், விமான எண்ணும் கத்தார். ஆனால் நிலையத்தில் போய்ப் பார்த்தால் இண்டிகோ விமானம். சஃபையர் அட்டையைச் சட்டை செய்யவில்லை. புகார் கொடுக்கலாமா?

கொடுத்தாலும் எடுபடாது. இது கோட்ஷேர். எண்ணை விற்பது ஒருவர், விமானத்தை ஓட்டுவது இன்னொருவர். ஒன்வேர்ல்டில் சலுகை கிடைக்க எண்ணும் கூட்டணி நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், விமானமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில், விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓட்டுவது யார் என்று போட்டிருக்கும். காசு கட்டும் முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

மதுரை: சில்வருக்கு என்ன கிடைக்கும்?

ஸ்டார் சில்வருக்குக் காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை. அவ்வளவுதான். ஒன்வேர்ல்டு ரூபி கொஞ்சம் மேல்: பிசினஸ் கவுன்டரில் செக்கின் செய்யலாம், இருக்கைத் தேர்விலும் சலுகை உண்டு.

சென்னை: கூட்டாளி நிறுவனத்தில் இலவச அப்கிரேடு?

மறந்துவிடுங்கள். எகானமி நிரம்பி வழிந்து யாரையாவது முன்னே தூக்கிப் போட வேண்டி வந்தால் முதலில் அவர்கள் வீட்டு ஆட்களைத்தான் பார்ப்பார்கள். நம் முறை வருவதற்குள் கதவு சாத்திவிடுவார்கள். மைல்களைக் கொடுத்து அப்கிரேடு வாங்குவது வேறு விஷயம், அதற்கும் மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் தகுதி பெறாது.

கொழும்பு: நான் சென்னை, கோலாலம்பூர், லண்டன் என்று சுற்றுகிறவன். மைல்களை ஸ்ரீலங்கனின் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டத்தில் சேர்ப்பதா, பிரிட்டிஷ் ஏர்வேஸிலா?

ஒரு விமானப் பயணத்தை ஒரே ஒரு திட்டத்தில்தான் வரவு வைக்க முடியும், அதனால் நல்ல கேள்வி. நான் பார்ப்பது இரண்டு விஷயம்: எந்த விமானத்தில் அதிகம் உட்காருகிறீர்கள், டிக்கெட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் கணக்கை மாற்றிவிட்டது. சஃபையருக்குச் சமமான அவர்களுடைய சில்வருக்கு முன்பு 600 புள்ளி போதும். இப்போது 7,500. அவர்களிடமே டிக்கெட் வாங்கினால் செலவழிக்கும் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. கம்பெனி செலவில் பிசினஸில் போகிறவர் இதை எட்டுவார். சொந்தக் காசில் எகானமியில் போகிறவருக்கு எட்டாக்கனி. நீங்கள் பெரும்பாலும் ஸ்ரீலங்கனில்தான் என்றால் ஃப்ளைஸ்மைல்ஸே இருக்கட்டும். அதன் கோல்டு ஒன்வேர்ல்டில் சஃபையருக்குச் சமம், பிளாட்டினம் எமரல்டுக்குச் சமம். ஹீத்ரோவில் அந்த அட்டைக்கும் கதவு திறக்கும். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நீங்கள் வீட்டு ஆள். விமானம் ரத்தாகி நாற்பது பேர் ஒரே கவுன்டரை மொய்க்கும்போது வீட்டு ஆளாக இருப்பதன் அருமை தெரியும்.

சிங்கப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வரி: கிரிஸ்ஃபிளையரில் கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 எலைட் மைல்கள் வேண்டும். தள்ளுபடி டிக்கெட்டுக்கு முழு மைல் வராது. கூட்டாளி நிறுவனங்களின் அடிமாட்டு விலை டிக்கெட்டுகள் சிலவற்றுக்கு ஒன்றுமே வராது. எகானமி என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தைப் பாருங்கள். அதை வைத்துத்தான் கணக்கு.

டொராண்டோ: கஷ்டப்பட்டு கோல்டு வாங்கிய பிறகு நிறுவனமே கூட்டணியை விட்டுப் போனால்?

நடந்திருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ், ஸ்டார் அலையன்ஸை 1997இல் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவர். 2024 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு அதை விட்டு மறுநாள் ஸ்கைடீமில் சேர்ந்தது. அன்றிரவோடு அவர்களுடைய கோல்டுக்காரர்களுக்கு லுஃப்தான்சா லவுஞ்ச் போச்சு, ஏர் பிரான்ஸ் லவுஞ்ச் வந்தது. இந்தியாவில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது அந்த அட்டைக்குப் பறக்க விமானமே இல்லை. விஸ்தாரா ஆட்கள் அதிர்ஷ்டசாலிகள். 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, கூட்டணியே இல்லாத நிறுவனத்தின் உறுப்பினர்கள் ஸ்டார் அலையன்ஸுக்குள் வந்து சேர்ந்தார்கள். மைல்களைப் பூட்டி வைக்காதீர்கள். வந்ததும் செலவழியுங்கள்.

நீங்கள் ஏர் கனடாவில் 50கே என்ற படியில் இருந்தால் அதுதான் ஸ்டார் கோல்டு. 35கே சில்வர்தான், ஏமாந்துவிடாதீர்கள்.

சேலம்: சார், கூட்டாளி விமானத்தில் போய் வந்தேன், மைல் ஏறவில்லை. கோல்டு என்று யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. என்ன தவறு?

டிக்கெட்டில் உங்கள் உறுப்பினர் எண் ஏறியிருக்காது, அல்லது வேறு பழைய எண் ஏறியிருக்கும். போர்டிங் பாஸை எடுத்துப் பாருங்கள். ஸ்டார் கோல்டு என்றால் ஒரு நட்சத்திரக் குறியும் ஆங்கில ஜி எழுத்தும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்வேர்ல்டு என்றால் சஃபையர், எமரல்டு என்ற சொல்லே இருக்கும். அது இல்லையென்றால் கவுன்டரில் இருப்பவருக்கு நீங்கள் யாரோ. பெட்டி போடும்போதே எண்ணைச் சொல்லி, போர்டிங் பாஸை மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். பெட்டியில் முன்னுரிமைச் சீட்டும் அப்போதுதான் ஒட்டுவார்கள்.

விட்டுப்போன மைலுக்கு அந்தத் திட்டத்தின் தளத்தில் உரிமை கோரலாம். கிரிஸ்ஃபிளையரில் ஆறு மாதம் அவகாசம். டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள், அதனால் மைல் ஏறும்வரை அந்தத் துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம்.