ஹீரோ மேல் புகார் கொடுத்தால் நூறு குடும்பத்தின் பிழைப்பு போய்விடுமா?

கேள்வி: ஒரு வெப் சீரிஸில் காஸ்ட்யூம் அசிஸ்டென்டாக இருக்கிறேன். ஃபிட்டிங் பார்க்கும்போது கதாநாயகன் என்னிடம் அத்துமீறி நடந்துகொண்டார். அது நடந்து பத்து வாரம் ஆகிறது. அதன் பிறகும் இரண்டு முறை ஆபாசமாகப் பேசினார். மேனேஜரிடம் சொன்னேன். "புகார்னு போனா ஷூட்டிங் நின்னுடும், உன் ஒருத்தியால நூறு குடும்பம் தெருவுக்கு வரும்" என்றார். எனக்கு ஒப்பந்தக் கடிதம் எதுவும் இல்லை, தினப் பேட்டாதான். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் நாட்களை எண்ணுங்கள். பணியிடப் பாலியல் தொந்தரவு தடுப்புச் சட்டத்தின்படி (2013), சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இன்று இரவே எழுத உட்காருங்கள். எந்தத் தேதி, எந்த லொகேஷன், கேரவனிலா காஸ்ட்யூம் அறையிலா, பக்கத்தில் யார் இருந்தார்கள், மேனேஜரிடம் என்றைக்குச் சொன்னீர்கள், அவர் என்ன வார்த்தை சொன்னார் என எல்லாவற்றையும் எழுதுங்கள். யூனிட் வாட்ஸ்அப் குழுவில் வந்த கால்ஷீட் தகவல்கள், பேட்டா வவுச்சர் இரண்டையும் எடுத்து வையுங்கள். அந்த நாளில் நீங்கள் அங்கே வேலையில் இருந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

கடிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். தினக்கூலி, தற்காலிக வேலை, ஏஜென்ட் மூலம் வந்த வேலை, சம்பளமே இல்லாத பயிற்சி என எல்லோரையும் இந்தச் சட்டம் ஊழியராகவே பார்க்கிறது. அவுட்டோர் லொகேஷனும், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும்கூடப் பணியிடம்தான். கதாநாயகன் கம்பெனி ஊழியர் இல்லை, கால்ஷீட் கொடுத்த நடிகர் மட்டுமே என்ற வாதமும் எடுபடாது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு படப்பிடிப்புக் குழுவுக்கும் இது பொருந்தும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. குழு அமைக்காத தயாரிப்பாளருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் யூனிட்டில் குழுவே இல்லையென்றால், அதையும் குறிப்பிட்டு மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். அதன் விவரம் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். நடிகர் சங்கமும் 2024 செப்டம்பரில், குற்றம் உறுதியானால் 5 ஆண்டு தடை என்று தீர்மானம் போட்டது. அங்கேயும் புகார் தரலாம். ஆனால் சங்கத்துக்குச் சொன்னது சட்டப்படியான குழுவுக்குச் சொன்னதாக ஆகாது. போலீசுக்குப் போகும் உரிமையும் தனியாக இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 75ஆவது பிரிவில் இது குற்றம்.

இப்போது அந்த நூறு குடும்பம். விசாரணைக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். யூனிட்டின் பிழைப்பை ஆபத்தில் வைத்தவர் கை நீட்டியவர். அதைத் தெரிந்தும் மூடி மறைப்பவர் மேனேஜர். நீங்கள் இல்லை.

ஹாலிவுட் நடிகர் கெவின் ஸ்பேசி விவகாரத்தைப் பாருங்கள். 2017இல் அவர் மேல் பாலியல் குற்றச்சாட்டுகள் வந்ததும், அவர் நாயகனாக நடித்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் படப்பிடிப்பு நின்றது. கடைசி சீசன் 13 எபிசோடுக்குப் பதில் 8 எபிசோடாக, அவர் இல்லாமல் வந்தது. தொந்தரவுத் தடை விதிகளை மீறி ஒப்பந்தத்தை முறித்தார் என்று, இந்தத் தகராறை விசாரித்த நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முடிவு செய்து, தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் சுமார் 3.1 கோடி டாலர் தர வேண்டும் என்று 2020இல் உத்தரவிட்டார். பிறகு இரு தரப்பும் அதைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசமானார்கள். லண்டனில் நடந்த கிரிமினல் வழக்கில் 2023இல் அவர் விடுதலையானார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேலை நின்ற நஷ்டத்துக்கான பில் நடிகரிடம் போனதே தவிர, புகார் சொன்னவர்களிடம் போகவில்லை.

அவர் நடித்து முடித்திருந்த இன்னொரு படத்தில் அவருக்குப் பதில் நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து ஒன்பது நாளில் காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். அதாவது, வேண்டுமென்று நினைத்தால் வேலையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அதே மறுபடப்பிடிப்பில் நடிகை மிஷெல் வில்லியம்ஸுக்குக் கிடைத்தது மொத்தம் ஆயிரம் டாலருக்கும் குறைவான பேட்டா, நடிகர் மார்க் வால்பெர்க்குக்கு 15 லட்சம் டாலர். செய்தி வெளியாகி எதிர்ப்பு வந்த பிறகுதான் வால்பெர்க் அந்தப் பணத்தை நன்கொடையாகக் கொடுத்தார். அதனால்தான் சொல்கிறேன், படப்பிடிப்பு நின்றாலும் திரும்ப நடந்தாலும் சம்பள விஷயத்தை யூனிட்டில் எல்லோரும் சேர்ந்தே பேசுங்கள். செய்து முடித்த நாட்களின் பாக்கியைத் தயாரிப்பாளர் தந்தே ஆக வேண்டும். உங்கள் சங்கம் வழியாக, எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, புகார் கொடுத்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது தவறு. உங்கள் பெயர், அவர் பெயர், சாட்சிகள் பெயர் எதையும் வெளியிடக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அவர் இருக்கும் செட்டிலிருந்து மாற்றம் கேட்கலாம், 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். இரண்டையும் எழுதிக் கேளுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோனதாகச் சொல்வார்கள். "ஏதாவது தொகை வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம்" என்று யாராவது வந்தால், பணத்தை வைத்துச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. குற்றம் உறுதியாகிக் குழு பரிந்துரைக்கும் இழப்பீடு வேறு. அதைக் கணக்கிடும்போது உங்கள் மன வேதனை, போன வாய்ப்புகள், மருத்துவச் செலவு ஆகியவற்றோடு எதிர்தரப்பின் வருமானத்தையும் பார்ப்பார்கள். பெரிய நடிகர் என்பது அங்கே அவருக்குச் சாதகமாக இருக்காது.

அப்புறம், புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் அதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. தெரிந்தே பொய் சொன்னால்தான் நடவடிக்கை. புகாரின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். தனியாகப் போக வேண்டாம், நீங்கள் நம்பும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.