முதுமலை போன்ற காப்பகங்களில் அந்நியக் களைகளை ஏன் பதிவு செய்கிறார்கள்?

அந்நியக் களை என்பது வெளியிலிருந்து வந்து, தானாகப் பெருகி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பறித்துக்கொள்ளும் தாவரம். அது எங்கே, எந்தத் தேதியில், எவ்வளவு பரப்பில், பூத்தா காய்த்தா இருந்தது என்று குறித்துவைப்பதே பதிவு.

உன்னிச்செடியைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று முதுமலையில் மானும் காட்டுமாடும் மேய வேண்டிய புல்லை அது மூடி நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. அங்கேயே பரவும் இன்னொரு அந்நியக் களையான சென்னா மரம் (மஞ்சள் கொன்றை) இன்னும் பிடிவாதமானது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் அகற்றிய இடத்தையும் குறித்துவைத்துத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

சுவரில் ஈரக்கறை தெரிந்தால் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவைப்போம் அல்லவா? அடுத்த மாதம் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு தொடர்கிறது என்று புரியும். காட்டில் அந்தக் கோடுதான் பதிவு. கறை உள்ளங்கையளவு இருக்கும்போதே பிடித்துவிட்டால் செலவும் குறைவு.

வெளிநாட்டுச் செடி எல்லாமே களை என்று பலர் நினைக்கிறார்கள். மிளகாயும் தக்காளியும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான், அவை காட்டை விழுங்கவில்லை.